திரையில் பார்த்தது கைக்கு வருமா?

மேசை மேல் ஒரு விரிப்பு, அதன் மேல் தட்டுகளும் கண்ணாடித் தம்ளர்களும். ஒருவர் விரிப்பின் நுனியைப் பிடித்துச் சடாரென்று இழுக்கிறார். துணி கையோடு வந்துவிடுகிறது. தட்டுகள் இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்டஸும் எட் ஓ'பிரையனும் இந்த வீடியோவைச் சிலருக்கு ஒரே ஒரு முறை போட்டுக் காட்டினார்கள், வேறு சிலருக்கு 20 முறை. பிறகு கேட்டார்கள்: ‘நீங்கள் இழுத்தால் வருமா?’ 20 முறை பார்த்தவர்கள் கூடுதல் தெம்போடு ‘வரும்’ என்றார்கள். இதே சோதனையைக் குறி பார்த்து அம்பு எறியும் விளையாட்டில் வைத்து, சொன்னவர்களை எறிந்தும் காட்டச் சொன்னார்கள். பலமுறை பார்த்தவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண் ஏறியிருந்தது. பலகையில் விழுந்த மதிப்பெண் ஏறவில்லை. 2018இல் ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

அதன் கடைசிப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. கட்டைகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையின் வீடியோவைப் பார்த்தவர்களில் சிலரிடம் அந்தக் கட்டைகளைச் சற்று நேரம் கையில் கொடுத்தார்கள். எறியக்கூடச் சொல்லவில்லை, எடையை உணர்ந்ததோடு சரி. அதற்கே அவர்களுடைய அசட்டு நம்பிக்கை இறங்கிவிட்டது.

ஓட்டல் தொழில் கற்றுக்கொடுப்பவர்கள் இந்த ஆய்வைச் சமையலறைக் கதவில் ஒட்டிவைக்கலாம். வெங்காயம் நறுக்குவதிலிருந்து விருந்தாளியின் கோபத்தைத் தணிப்பதுவரை எல்லாவற்றுக்கும் இன்று வீடியோ இருக்கிறது. பாதிப் பாடம் போனில், மீதிப் பாடம் நேரில் என்கிற கலப்புக் கற்றல் முறை ஓட்டல் பள்ளிகளுக்குள் வந்துவிட்டது. எந்தப் பாதி போனுக்குப் போக வேண்டும், எந்தப் பாதி ஆசிரியரின் கண்முன் நடக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்க அந்தமான் நிக்கோபார் தீவுகளைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இல்லை. அங்கே நேரில் என்ற சொல்லுக்கு நடுவில் கடல் இருக்கிறது.

2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் சுற்றுலாப் பயணிகள் ஆண்டுக்கு 5 லட்சத்தை ஒட்டி வந்தார்கள். உள்ளூர்க்காரர்களைவிட விருந்தாளிகள் அதிகமான ஊர். சார்லஸ் கொரியா வடிவமைத்த பே ஐலண்ட் ஓட்டல் 1980களின் தொடக்கத்திலேயே போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) மலைச்சரிவில் எழுந்தது. 2018இல் ஹேவ்லாக் என்கிற ஸ்வராஜ் தீவின் ராதாநகர் கடற்கரையில் தாஜ் ஓட்டல் வந்தது. இவற்றுக்கு நடுவே எத்தனையோ சின்னச் சின்ன ரிசார்ட்டுகள், லாட்ஜுகள், வீட்டு மாடியில் நான்கு அறை கட்டி விட்டிருக்கும் ஹோம்ஸ்டேக்கள். அத்தனை இடத்திலும் அறை தயார் செய்ய, பரிமாற, சமைக்க, கணக்கு முடிக்க ஆள் வேண்டும்.

தலைநகரின் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஓட்டல் மேலாண்மைத் துறை இருக்கிறது. அதைத் தாண்டிப் பெரிய பள்ளி வேண்டுமென்றால் ‘மெயின்லேண்டு’க்குத்தான் போக வேண்டும், தீவுக்காரர்கள் அக்கரை இந்தியாவை அப்படித்தான் சொல்கிறார்கள். 1963இல் தொடங்கி, இப்போது சென்னை தரமணியில் நடக்கும் ஓட்டல் மேலாண்மை நிறுவனம் அப்படி ஒன்று. கப்பலில் போனால் இரண்டு நாளுக்கு மேல், விமானத்தில் போனால் இரண்டு மணி நேரம். ஹேவ்லாக்கில் அண்ணன் நடத்தும் லாட்ஜில் வேலை பார்க்கும் பையனோ, ரங்கத்தில் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகும் பெண்ணோ மூன்று வருடம் தரமணியில் தங்கிப் படிப்பது நடக்கிற காரியமா?

தொலைதூரப் படிப்பு ஓட்டல் துறைக்குப் புதிதல்ல. 1982இல் உருவான தேசிய ஓட்டல் மேலாண்மை, கேட்டரிங் தொழில்நுட்பக் கவுன்சிலின் பி.எஸ்ஸி. பட்டத்தைப் பல ஆண்டுகள் கூட்டாக வழங்கியது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ. நாட்டின் பெரிய தபால்வழிப் பல்கலைக்கழகத்தின் முத்திரையோடுதான் ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்கு செஃப்கள் போனார்கள். சில தாள்கள் இக்னோ புத்தகத்தில், கத்தி பிடிப்பது கல்லூரிச் சமையலறையில், நடுவே சில மாதம் ஓட்டலில் இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங். கலப்புக் கற்றல் என்று யாரும் பெயர் வைக்காத காலம் அது.

தீவுகளில் அண்மையில் மாறியது ஒரு கம்பி. சென்னையிலிருந்து கடலடியில் போடப்பட்ட ஆப்டிக் ஃபைபர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்துவைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், 1,224 கோடி ரூபாய் செலவு. போர்ட் பிளேரில் கரையேறி, அங்கிருந்து ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று கிளை பிரிகிறது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே நொடிக்கு 200 கிகாபிட் கொள்ளளவுள்ள இரண்டு தடம். அதற்கு முன்னால் ஒட்டுமொத்தத் தீவுகளும் செயற்கைக்கோள் வழியாக வந்த சில கிகாபிட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

வேகம் கூடியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். வகுப்பறைக்கு அதைவிட முக்கியமான ஒன்று குறைந்தது: தாமதம். தீவுகள் நம்பியிருந்த தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. போர்ட் பிளேரில் ஒரு மாணவி கேட்கும் கேள்வி மேலே போய்க் கீழே இறங்கினால் 72,000 கிலோமீட்டர். ஒளி வேகத்தில் போனாலும் கால் நொடி ஆகும். ஆசிரியரின் பதில் அதே வழியில் திரும்ப இன்னொரு கால் நொடி. ஆக, அவர் யோசிக்காமல் பதில் சொன்னாலும் நடுவில் அரை நொடி மௌனம். அரை நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பத்து மொழிகளின் இயல்பான பேச்சைப் பதிவு செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 0.2 நொடி என்று கண்டார்கள். மனிதர்கள் அவ்வளவு நெருக்கமாகப் பேச்சைக் கோக்கிறோம். அரை நொடி தாமதமானால் எதிராளிக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடி சொல்வோம். அதற்குள் அவர் பதிலும் வந்து மோதும். ‘நீங்க சொல்லுங்க சார்’, ‘இல்லம்மா நீ சொல்லு’ என்றே வகுப்பு போய்விடும்.

கண்ணாடி இழைக்குள் ஒளி சற்று மெதுவாக, நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. தூரமோ நேர்க்கோட்டில் 1,350 கிலோமீட்டர்தான். ஒரு வழிக்கு ஏழெட்டு மில்லிநொடி. இடையிலுள்ள கருவிகள் எடுக்கும் நேரத்தைச் சேர்த்தாலும் காதுக்குத் தெரியாது. கேள்வி கேட்டால் பதில் வருகிறது, கேலி செய்தால் சிரிப்பு வருகிறது. ஆசிரியரும் மாணவரும் ஒரே அறையில் இருப்பதுபோலப் பேச முடிவது அறிவியல்ரீதியாக இந்த மில்லிநொடிக் கணக்கில்தான் இருக்கிறது.

கேபிள் கரையேறும் நிலையத்தில் இருக்கும் வேகம் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அங்கிருந்து கிராமத்துக்குப் போவது செல்பேசிக் கோபுரத்தின் வேலை, மின்சாரத்தின் வேலை. அதனால் தீவுகளுக்குப் பாடம் தயாரிப்பவர்கள் வீடியோவைச் சிறியதாக, தரவிறக்கி வைத்துக்கொள்ளும்படி தயாரிப்பதே புத்திசாலித்தனம்.

திரை எதற்கு நன்றாகப் பயன்படும்? சொல்லில் அடங்குவதற்கு. எந்தக் கெமிக்கல் எந்தத் தரைக்கு, எந்த உணவில் எந்த ஒவ்வாமை, செக்-இன் நேரத்தில் என்ன ஆவணம் வாங்க வேண்டும், இரவுக் கணக்கு முடிக்கும் நைட் ஆடிட்டில் எதற்குப் பிறகு எது. இவற்றை வகுப்பில் ஒரு முறை சொன்னால் காற்றோடு போகும். போனில் நிறுத்தி, திருப்பி, மெதுவாக்கிக் கேட்கலாம். அந்தமானில் இதற்கு இன்னொரு மதிப்பு உண்டு. 2011 கணக்கின்படி அங்கே வங்காளி தாய்மொழிக்காரர்கள் ஏறக்குறைய 28 சதவீதம், தமிழர்கள் 15, தெலுங்கர்கள் 13; நிக்கோபாரி பேசுவோர் தனி. பொதுவில் எல்லோரும் பேசுவது இந்தி. பாடப் புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலம். இரண்டாவது, மூன்றாவது மொழியில் கேட்டுப் புரிந்துகொள்பவருக்கு ‘நிறுத்து’ என்ற பொத்தான் எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை ஆங்கிலத்தில் தாராளமாகப் புழங்கும் பயிற்றுநர்கள் பல நேரம் உணர்வதில்லை. வகுப்பில் கைதூக்கி ‘மறுபடி சொல்லுங்க’ என்று கேட்கக் கூச்சப்படுகிற பெண், போனை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிக் கேட்பாள்.

ஆனால் திரும்பத் திரும்பக் கேட்பதிலும் ஒரு வலை இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் செய்த சோதனை இது. ஒரு குழு ஒரு பாடப் பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை புத்தகத்தை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழுவுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்த குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்த குழு 40க்கு விழுந்துவிட்டது. எழுதிப் பார்த்த குழு 61இல் நின்றது. பாடத்தை நினைவுக்குள்ளிருந்து இழுத்து எடுக்கும் முயற்சியே அதை ஆழமாகப் பதிக்கிறது. எனவே பத்து நிமிட வீடியோவுக்குப் பிறகு நான்கு கேள்விகள், மூன்று நாள் கழித்து அதே நான்கு கேள்விகள் என்று போனுக்கு அனுப்புவது வீடியோவின் தரத்தை உயர்த்த லட்சம் செலவழிப்பதைவிட நல்ல முதலீடு.

அந்தமானின் காலநிலைக்கு இது சரியாகப் பொருந்தும். சுற்றுலா சீசன் அக்டோபரில் தொடங்கி மே வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், படகு ரத்தாகும், அறைகள் காலியாகக் கிடக்கும். படிப்புக்கு ஏற்ற காலம் அதுதான். ஆனால் ஜூனில் படித்தது அக்டோபரில் தேவைப்படும்போது நினைவில் இருக்காது. 1885லேயே எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து வரைந்த மறதிக் கோடு அப்படித்தான் சரிகிறது: முதல் சில மணி நேரங்களில் செங்குத்தாக, பிறகு மெதுவாக. மழைக்காலம் முழுக்க வாரத்துக்கு இரண்டு முறை போனில் தட்டும் சின்னக் கேள்விகள் அந்தக் கோட்டைத் தூக்கிப் பிடிக்கும். இதற்கு ஆசிரியர் கப்பலேற வேண்டியதில்லை.

கையால் செய்யும் வேலைக்கு வருவோம். ஓட்டல் அறையில் படுக்கை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கால்மாட்டில் விரிப்பை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். மூலையிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி, தொங்கும் ஓரத்தைத் தூக்கி மெத்தை மேல் முக்கோணமாகப் போட வேண்டும். கீழே மிச்சம் தொங்குவதை உள்ளே தள்ளிவிட்டு, முக்கோணத்தை இறக்கி, அதையும் இழுத்துச் செருக வேண்டும். ஹவுஸ்கீப்பிங்கில் இதற்கு மைட்டர் கார்னர் என்று பெயர். முப்பது நொடி வீடியோவில் பளிச்சென்று புரியும். முதல் முறை செய்பவரின் மூலை கொழுக்கட்டைபோல உப்பிக்கொண்டு நிற்கும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது படத்தில் இல்லை. அது மணிக்கட்டுக்குத்தான் தெரிய வேண்டும். ஈரக்காற்று குடித்த பருத்தி விரிப்பு காய்ந்த விரிப்பைப்போல வழுக்காது என்பதும் தொட்டால்தான் தெரியும்.

கைவேலை பழகுவதை ஃபிட்ஸ், போஸ்னர் என்ற உளவியலாளர்கள் 1967இல் மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். முதல் கட்டத்தில் மனதுக்குள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே செய்வோம். இரண்டாவதில் தவறுகள் குறைந்து அசைவுகள் ஒன்றோடொன்று இணையும். மூன்றாவதில் கை தானாகப் போகும். வேலைக்காரர் பக்கத்தில் நிற்பவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே படுக்கை போடுவார். வீடியோ முதல் கட்டத்தின் வாசல்வரைதான் கொண்டுவிடும். அதற்கப்புறம் எண்ணிக்கைதான். இருபது படுக்கை, ஐம்பது படுக்கை.

2020இல் கல்லூரிகள் மூடிக்கிடந்தபோது ஓட்டல் மாணவர்கள் வீட்டு அடுப்பில் சமைத்துப் படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்பினார்கள். நறுக்கிய துண்டுகள் ஒரே அளவா, தட்டு அலங்காரம் ஒழுங்கா என்று ஆசிரியர் பார்த்துச் சொல்ல முடிந்தது. உப்பு சரியா என்று சொல்ல முடியவில்லை. உப்பு இன்னும் ஃபைபர் வழியாக வரவில்லை.

இருந்தாலும் அந்த நெருக்கடியில் உருப்படியான ஒரு பழக்கம் பரவியது: கேமரா திரும்பியது. ஆசிரியரின் கையை மாணவர் பார்த்தது போய், மாணவரின் கையை ஆசிரியர் பார்த்தார். கலப்புக் கற்றலில் இதுவரை வந்த கருவிகளில் மலிவானதும் மதிப்பானதும் இதுதான் என்பது என் கட்சி. ரங்கத்தில் இருக்கும் டிரெய்னி தன் கையை மட்டும் ஒரு நிமிடம் படமெடுத்து அனுப்புகிறார். கத்தியின் பிடியில் ஆள்காட்டி விரல் முதுகு மேல் நீண்டிருப்பதை, காய் பிடித்த கையின் விரல்நுனிகள் உள்ளே மடங்காமல் இருப்பதை, போர்ட் பிளேரிலோ சென்னையிலோ இருக்கும் செஃப் பார்த்து இரண்டு வரி சொல்கிறார். பதில் மறுநாள் வந்தாலும் கெடுதி இல்லை. சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் 1984இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து தொடங்கிய ஒரு கருத்து உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் திருத்தம் சொல்லிக்கொண்டே இருந்தால் கற்பவர் அந்தக் குரலையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்கிறார். குரல் நின்றதும் தடுமாறுகிறார். இடைவெளி விட்டு வரும் திருத்தம், தன் பிழையைத் தானே உணரும் பழக்கத்தை வளர்க்கிறது. தூரம் இங்கே உதவியும் செய்கிறது.

கலப்புக் கற்றலுக்கான கச்சிதமான உதாரணத்தைத் தேடித் தீவுகளுக்கு வெளியே போகத் தேவையில்லை. ஹேவ்லாக் கடற்கரையில் ரிசார்ட்டுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்கூபா டைவிங் கற்றுத்தரும் பள்ளிகள் இந்தத் தீவில் 2000களிலிருந்து வளர்ந்தவை. மாயாபந்தர் பக்கத்து வெபி கிராமத்தில் 1920களில் குடியேறிய பர்மியக் கரேன் இனத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று இங்கே டைவ் வழிகாட்டிகள். உலகம் முழுக்கப் புழங்கும் ‘பாடி’ (PADI) என்ற டைவிங் அமைப்பின் ஓப்பன் வாட்டர் படிப்பைத்தான் பல பள்ளிகள் நடத்துகின்றன. அந்தப் படிப்பின் அமைப்பைப் பாருங்கள். பாடம் முழுவதையும் போனில் படித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வரலாம். பெங்களூரில் பேருந்தில் உட்கார்ந்தபடி அதை முடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. பிறகு ஆழமில்லாத நீரில் ஒவ்வொரு திறனாகப் பழக்கம். அதற்குப் பிறகு கடலில் நான்கு முறை மூழ்க வேண்டும். ஆழம் 18 மீட்டருக்கு மேல் போகாது.

போனில் சொல்லும் பாடத்தின் மையம் பாயில் விதி. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் இரண்டு மடங்கு இடம் கேட்கும். நுரையீரல் அவ்வளவு விரியாது. அதனால்தான் ‘ஒருபோதும் மூச்சை அடக்காதே’ என்பது முதல் விதி. இது சொல்லில் அடங்குகிற அறிவு. படம் போட்டுக் காட்டினால் நன்றாக ஏறும். அடுத்து வருவது முகக் கண்ணாடிக்குள் புகுந்த நீரை வெளியேற்றுவது. மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று மேலே தூக்கி, மூக்கால் காற்று விட்டால் நீர் கீழ்வழியே வெளியேறும். ஒரே வாக்கியம். ஆனால் மூக்கில் உப்புநீர் ஏறும் கணத்தில் உடம்பு கேட்பது ஒன்றே ஒன்று: மேலே ஓடு. அந்தக் கணத்தில் அமைதியாக மூச்சுவிடுவது எத்தனை வீடியோ பார்த்தாலும் வராது. ஆசிரியர் எதிரே முழங்காலிட்டு, கண்ணைப் பார்த்தபடி, வரும்வரை செய்ய வைக்கிறார். வந்ததும் அந்தத் திறனுக்கு எதிரே குறிக்கிறார். வீடியோவை முடித்ததற்காக யாரையும் கடலில் இறக்குவதில்லை.

சமையலறையில் ஆபத்து இப்படிக் கண்ணெதிரே நிற்பதில்லை. சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேல் வைத்திரு, இல்லையேல் 5 டிகிரிக்குக் கீழ் வைத்திரு. இரண்டுக்கும் நடுவில் கிருமி பெருகும். இந்த விதியை உணவுப் பாதுகாப்புப் பயிற்சி எடுத்த எவரும் ஒப்பிப்பார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்டாக் (FoSTaC) பயிற்சி 2017இல் தொடங்கியது. உணவைக் கையாளும் 25 பேருக்குப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் என்பது அதன் கணக்கு. கொரோனா காலத்தில் அது ஆன்லைனுக்கும் வந்தது. சூடான உணவை ஆறவைக்கும் விதி இன்னும் நுட்பமானது: முதல் இரண்டு மணி நேரத்தில் 21 டிகிரிக்கு இறங்க வேண்டும், அடுத்த நான்கு மணி நேரத்தில் 5க்கு.

இந்த விதியைப் போர்ட் பிளேரில் நிறுத்திப் பாருங்கள். வருடம் முழுக்கச் சமையலறைக் காற்று 28, 30 டிகிரி. ஈரக்காற்றில் சும்மா வைத்த பொருள் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட அதிகம் குளிர்ச்சியாக ஆற முடியாது. ஆகவே மேடையில் ஓரமாக வைத்த குருமா அண்டா இரண்டு மணி நேரத்தில் என்ன, இரண்டு நாளிலும் 21 டிகிரிக்கு இறங்காது. சாதகமான சூட்டில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். நான்கு மணி நேரத்தில் பன்னிரண்டு இரட்டிப்பு. ஒன்று 4,096 ஆகும். டெல்லி குளிர்காலத்தில் படமெடுத்த வீடியோவில் ஆசிரியர் ‘ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைக்கவும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். தீவில் அந்த வாக்கியம் பிழையாகிறது. அகலமான தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்ற வேண்டும். பாத்திரத்தை ஐஸ் நீரில் உட்காரவைக்க வேண்டும். கெட்டியான குழம்பில் ஆழத்தைப் பாதியாக்கினால் உள்ளிருக்கும் வெப்பம் வெளியேற ஆகும் நேரம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். வெப்பம் பரவும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது.

தீவுப் பாடம் தீவில் படமாக்கப்பட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். பாசத்தால் சொல்லவில்லை, இயற்பியலால் சொல்கிறேன். உப்புக்காற்றில் குழாய் துருப்பிடிக்கும் வேகம், குடிநீர்த் தட்டுப்பாட்டில் துணி துவைக்கும் முறை, சென்னைக் கப்பல் தாமதமானால் மெனுவில் எதை எடுத்துவிட்டு எதைப் போடுவது, பவளத்தை மிதிக்கக் கூடாது என்று விருந்தாளியிடம் முகம் சுளிக்காமல் சொல்வது எப்படி. எந்த மெயின்லேண்டு ஸ்டுடியோவிலும் இவை கிடைக்காது. அங்கே இருபது வருடமாகச் சமைக்கும் ஒரு அக்காவின் கையில் இருக்கின்றன. அவர் பேசுவதை அவர் மொழியிலேயே படமெடுத்து, மற்ற மொழிகளில் வரி போடலாம். 2022இல் தொடங்கிய அரசின் பாஷிணி போன்ற மொழிபெயர்ப்புக் கருவிகள் அதற்கான செலவைக் குறைக்கின்றன. ‘ஒரு கை’ உப்பை ‘ஒரு கரம்’ உப்பாக்கிவிடாமல் ஒருவர் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணை மூடும் மெய்நிகர் கருவிகளைப் பற்றியும் கேட்பார்கள். ஹில்டன் ஓட்டல் நிறுவனம் ஆக்குலஸ் கருவியைப் பயிற்சியில் பயன்படுத்தியது. அலுவலக மேசையில் இருப்பவர்களுக்கு ஹவுஸ்கீப்பிங், வரவேற்பு மேசை வேலையின் சிரமத்தை உணர்த்துவதும், கோபமான விருந்தாளியை எதிர்கொள்ளப் பழக்குவதும் அதன் நோக்கம். பேச்சும் முடிவெடுப்பதும் உள்ள வேலைக்கு அது நல்ல கருவி. கற்பனை விருந்தாளி எத்தனை முறை கத்தினாலும் ஓட்டலுக்குக் கெட்ட பெயர் வராது. ஆனால் அதில் தூக்கும் மெத்தைக்கு எடை கிடையாது. ஹேவ்லாக்கின் பத்து அறை ரிசார்ட் ஒன்றுக்கு நான் ஆலோசகராக இருந்தால், அந்தக் காசில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர்களும் நல்ல கத்திகளும் வாங்கச் சொல்வேன். தீவின் ஈரத்தில் கருவியின் லென்ஸில் பூஞ்சை பூப்பது வேறு. அறை முன்பதிவுக்கும் பில்லுக்கும் பயன்படும் மென்பொருள்களின் பயிற்சிப் பதிப்பு விஷயம் வேறு. அங்கே வேலையே திரையில்தான் என்பதால், திரையில் பழகியது அப்படியே கைக்கு வரும்.

இத்தனைக்கும் பலன் உண்டா? அமெரிக்கக் கல்வித்துறைக்காக பார்பரா மீன்ஸ் குழு 2009இல் செய்த தொகுப்பாய்வில், நேரடி வகுப்பை மட்டும் நம்பியவர்களைவிடக் கலப்பு முறையில் படித்தவர்கள் சற்று நன்றாகச் செய்தார்கள். அதே அறிக்கை, அவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்ததையும் சுட்டிக்காட்டியது. ஆசிரியரின் நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று கலப்பு முறைக்குப் போகிற நிறுவனம், முன்னேற்றத்துக்குக் காரணமாக இருந்திருக்கக்கூடியதையே வெட்டி எறிகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் ஒரு பாடத்தில் 40 சதவீதம்வரை ஆன்லைனில் நடத்தலாம் என்ற திட்ட வரைவை முன்வைத்தது. வரலாற்றுக்கும் ஓட்டல் படிப்புக்கும் ஒரே சதவீதம் எப்படிப் பொருந்தும்? உணவுச் சட்டம் என்ற தாளை நூற்றுக்கு நூறு போனில் நடத்தலாம். சாஸ் கிண்டுவதைப் பத்துக்கு மேல் நடத்த முடியாது.

சான்றிதழ் விஷயத்திலும் ஓட்டல் துறை டைவிங் பள்ளிகளிடம் கடன் வாங்கலாம். இன்று ஒரு ஆன்லைன் படிப்பை முடித்தால் பெயர் போட்ட காகிதம் வருகிறது. அதில் எத்தனை வீடியோ பார்த்தார் என்பது இருக்கிறது. எதைச் செய்துகாட்டினார் என்பது இல்லை. மைட்டர் கார்னர் மூன்று நிமிடத்துக்குள், மூன்று தட்டு ஒரு கையில், அண்டாவை ஆறவைத்து வெப்பநிலைப் பதிவேடு எழுதியது என்று ஒவ்வொரு திறனுக்கும் தேதியும் பார்த்தவர் கையெழுத்தும் உள்ள ஒரு அட்டை இருந்தால், ஓட்டல் மேலாளருக்கு அதுவே போதும். பள்ளிக்கூடமே போகாமல் வேலையில் கற்றவர்களும் அந்த அட்டையை வாங்கலாம்; அவர்களுக்குத் தேவை பாடமல்ல, பார்த்துக் கையெழுத்துப் போட ஒருவர்.

அந்த ஒருவர் போய்ச் சேர வேண்டுமே. கேபிள் கிரேட் நிக்கோபாரின் காம்ப்பெல் பே வரை போய்விட்டது. பயிற்றுநர் அங்கே போக இன்னமும் பெரும்பாலும் கப்பலோ ஹெலிகாப்டரோதான். கப்பலென்றால் இரண்டு மூன்று நாள். அத்தனை தூரம் போகிறவர் அங்கே போய் ஸ்லைடு போட்டுப் பாடம் நடத்தினால் அதைவிட வீண் வேறில்லை. ஸ்லைடு அவர் வருவதற்கு ஒரு மாதம் முன்பே மாணவர்களிடம் போய்ச் சேர்ந்து, கேள்வியும் கேட்கப்பட்டு, கை வீடியோக்களும் திரும்பி வந்திருக்க வேண்டும். யாருக்குக் கத்தி வரவில்லை, யாருக்குப் படுக்கை வரவில்லை என்ற பட்டியலோடு அவர் கப்பலேறலாம். கடல் சரியில்லாமல் கப்பல் ரத்தானால் அடுத்த கப்பல்வரை அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் இன்னொரு முறை கையைப் படமெடுத்து அனுப்பட்டும்.